கருவாடு மணக்கும் அமெரிக்கா

அமெரிக்காவுக்குப் போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் பெர்லிதா தன் வீட்டுச் சமையலறையில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள்.

வறுத்திருக்கக் கூடாதுதான். வழக்கம்போல முட்டையை வேகவைத்துத் தின்று சமாளித்திருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, செருப்புச் சத்தம் வெளியே கேட்காமல் வெறுங்காலோடு நடந்து, தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மி வாழ்ந்தவளுக்கு அன்றைக்கு நாக்கு அடங்கவில்லை. வினிகரும் பூண்டும் பக்கத்தில், சுடச்சுடச் சோறு, மொறுமொறுவென்று கருவாடு. அவ்வளவுதான் கேட்டது.

கணவன் எட்செலுக்குக் கருவாடு வறுக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் வெந்நீரைக்கூடக் கருக்கிவிடுவான். இது தலாங்பான் ஊருக்கே தெரியும். ஆகவே அந்த வாசம் சந்தைத் திடலைத் தாண்டியபோதே விஷயம் வெளியே போய்விட்டது.

சமையலறை ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

"டாக்டரம்மா..." மீன் பிடிக்கிற பிலோவின் குரல். "நீங்க அமெரிக்கால இருக்கீங்கன்னு தெரியும். தொந்தரவுன்னு நெனைக்காதீங்க. முதுகுல ஒரு கட்டி."

பெர்லிதா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வாணலி மட்டும் சடசடத்தது.

"நான் இங்க சட்டையத் தூக்கிக் காட்டுறேன். அங்கேருந்து தெரியுதான்னு பாருங்க."

பதினோரு வருஷம் ஒரே ஊரில் வைத்தியம் பார்த்த கண். எத்தனை நேரம்தான் மூடிக்கொண்டிருக்கும்? ஜன்னல் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"நல்லாப் பழுத்துருச்சு. சாயங்காலம் வாங்க, கீறி விடுறேன்."

"ரொம்ப நன்றிம்மா. அங்க குளிர் அதிகமோ?"

அடுப்புச் சூட்டில் அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"பனி கொட்டுது, பிலோ."

"போர்வையை இழுத்துப் போத்திக்கங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

நடந்தது இதுதான். பெர்லிதா அந்த ஊருக்கு இருந்த ஒரே டாக்டர். சுகாதார நிலையத்தில் மருந்து இல்லாத மாதங்களில் ஆறுதலும், ஆறுதல் தீர்ந்த மாதங்களில் வெறும் கையெழுத்தும் கொடுத்து ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டராக அங்கே வருஷம் முழுக்க வாங்குவதை நர்ஸாக அமெரிக்காவில் ஒரே மாதத்தில் வாங்கலாம் என்று நாட்டில் பாதி டாக்டர்கள் கண்டுபிடித்த காலம் அது. அவளும் சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி நகரத்துக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தாள். இருபத்து மூன்று வயது வாத்தியாரம்மா ஒருத்தி படுக்கை விரிப்பை மடிக்கச் சொல்லித்தர, கூட இருந்த மாணவர்கள் எல்லாரும் டாக்டர்கள். ஒருவர் இதய நிபுணர். மூலை மடிப்பில் அவர் மூன்று முறை தோற்றார்.

படித்துத் தேறி, டாக்டராக இருந்தவள் நர்ஸாகப் பதவி உயர்வு பெற்றதும் ஊரே கொண்டாடியது. விசா இன்னும் கைக்கு வரவில்லை. "அது வந்துரும், மொதல்ல விருந்து" என்றார் மேயர் கவுதென்சியோ. தேர்தல் பக்கத்தில் இருந்தது, பன்றிகளும் தயாராக இருந்தன. சந்தைத் திடலில் மூன்று முழுப் பன்றிகளைத் தீயில் சுட்டு வைத்து வழியனுப்பு விருந்து நடந்தது. கன்னத்துக் கருப்பு மச்சம் தட்டு அளவுக்குத் தெரியும்படி அவள் முகத்தைப் பெரிய பேனரில் போட்டிருந்தார்கள். "நம்மகிட்ட இருக்கறதுலயே சிறந்ததை நாம உலகத்துக்குக் குடுக்குறோம்!" என்று மேயர் ஒலிபெருக்கியில் முழங்கியபோது, மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கப்போகிற ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

ஊர் எல்லையில் ஒரு சிமெண்ட் வளைவும் கட்டினார்கள். 'அமெரிக்கா புகழ் டாக்டர் பெர்லிதாவின் சொந்த ஊர் வரவேற்கிறது.'

போகிறவள் பொருளைக் கட்டிக்கொண்டா போவாள்? கட்டிலைச் சித்தப்பா மகனுக்கும், தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுக்கும், ஃபிரிட்ஜை எட்செலின் அக்கா ரெமெதியோஸுக்கும் கொடுத்தாள். ஆளாளுக்குச் சாக்லேட், டின் கறி, வாசனை சோப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குச் சாமியார்கூட ஒரு ஜெர்கின் கேட்டார். அந்த ஊரில் ஜெர்கின் போட்டால் மனிதன் வெந்துபோவான்.

விசா வாங்கப் போன இடத்தில், தலைநகர் மணிலாவில், ஏஜென்சிக்காரப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "நர்ஸுங்க விசா வரிசைய அமெரிக்கா மூடிட்டாங்க மேடம். எப்பத் தொறப்பாங்கன்னு தெரியாது. அடுத்த வருஷமும் இருக்கலாம், அதுக்கடுத்த வருஷமும் இருக்கலாம்."

வழியனுப்ப வந்த எட்செலும் வழியனுப்பப்பட்ட பெர்லிதாவும் மழை கொட்டிய ஒரு விடியலில் ஊர் திரும்பினார்கள். மூன்று பன்றி தின்ற ஊர் முகத்தில் எப்படி விழிப்பது? "ரெண்டு வாரம் உள்ள இரு, இன்தாய்" என்றான் எட்செல். ஆசை வந்தாலும் பயம் வந்தாலும் அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அதுக்குள்ள தொறந்துருவாங்க."

அமெரிக்கா திறக்கவில்லை. சமையலறை ஜன்னல்தான் திறந்தது.

பிலோவின் கட்டி ஆறிய வாரத்திலிருந்து ஊர் ஒவ்வொருவராக வந்தது. எல்லாரும் ஒரே மரியாதையோடு வந்தார்கள். யாரும் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லவில்லை. யாரும் "ஏன் இன்னும் இங்க?" என்று கேட்கவில்லை. இடுக்கு வழியே நாக்கை நீட்டினார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். போகும்போது மறக்காமல் அமெரிக்காவை விசாரித்தார்கள்.

"அங்க இப்போ மணி என்ன டாக்டரம்மா?"

"நேத்து ராத்திரி."

"அய்யோ, தூக்கத்தைக் கெடுத்துட்டேனே!"

தெருப் பெண்கள், பெண்டாட்டி வெளிநாடு போனதால் தனியாகத் தவிக்கும் எட்செலுக்கென்று பாத்திரம் பாத்திரமாகச் சமைத்து அனுப்பினார்கள். எல்லாம் இரண்டு பேர் சாப்பிடும் அளவு.

மேயரும் வந்தார், கால் பெருவிரல் வீங்கி, தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு. பன்றிக்கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதித் தந்தபின் பெர்லிதா மெதுவாகக் கேட்டாள்.

"மேயர் சார், என் வேலை இன்னும் காலியாத்தானே இருக்கு? திரும்பக் குடுத்தீங்கன்னா..."

"எப்படிம்மா?" மேயர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "வளைவு கட்டியாச்சே. கவர்னரே வந்து ரிப்பன் வெட்டிட்டுப் போனாரு. இப்பப் போயி நீங்க சுகாதார நிலையத்துல உக்காந்தா பாக்க நல்லாவா இருக்கும்? ஊருக்குள்ள ஒரு டாக்டர் இருக்கறது யாருக்கும் பெருமை இல்லம்மா. அமெரிக்கால இருக்காங்க பாருங்க, அதுதான் பெருமை."

வராத ஆள் ஒரே ஒருத்தி: நாத்தனார் ரெமெதியோஸ். ஃபிரிட்ஜ் வந்த மறுநாளே ஐஸ் குச்சி வியாபாரம் தொடங்கியிருந்தாள். தம்பி பெண்டாட்டி ஊரில்தான் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் ஃபிரிட்ஜைத் திருப்பித் தரவேண்டியிருக்கும். ஆகவே அவளுக்கு மட்டும் எதுவும் தெரியவே இல்லை. தம்பி வீட்டைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள். கருவாட்டு வாசம் பட்டுவிட்டால் தெரிந்துவிடுமே!

இதற்கு நடுவில், யாரும் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. கல்யாணமான ஏழு வருஷத்தில் பெர்லிதா எட்செலோடு உட்கார்ந்து முழுசாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. சோற்றில் கை வைத்தால் யாருக்காவது வலி வந்துவிடும். சனி ஞாயிறில் நர்ஸ் படிப்பு. குழந்தைகூட அமெரிக்காவிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். இப்போதோ அவள் எங்கேயும் போக முடியாது. அவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஓடி வந்தான். கதவைச் சாத்திக்கொண்டு ரகசியக் குரலில் பேசினார்கள், ரகசியமாகச் சீட்டு விளையாடினார்கள், சிரிப்பு வந்தால் ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள். கட்டிலைக் கொடுத்துவிட்டதால் தரையில் பாய். புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குக்கூட அவ்வளவு தனிமை கிடைத்திருக்காது.

விளைவு, ஒரு காலையில் கருவாட்டு வாசமே அவளுக்குக் குமட்டியது.

டாக்டரானதால் யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. எட்செல் சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினான். சுற்றி முடித்துக் கீழே இறக்கியதும், கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குப் போட்டான். முகம் மாறியது.

"இன்தாய்... நீ அமெரிக்கால இருக்க. நான் இங்க இருக்கேன்."

"ஆமா."

"அப்போ புள்ள யாரோடதுன்னு கேப்பாங்க?"

"ஊருக்கே தெரியுமே நான் இங்கதான் இருக்கேன்னு!"

"தெரியும். ஆனா யாரு வாயத் தொறந்து சொல்லுவா? வாய்விட்டுச் சொன்னதுதானே கணக்கு. வாய்விட்டுச் சொல்லியிருக்கறது அமெரிக்கான்னுதானே?"

பெர்லிதா பாயில் உட்கார்ந்துவிட்டாள். உண்மைதான். வயிறு வெளியே தெரியும் முன் அவள் ஊர் திரும்பியாக வேண்டும். அதாவது, போகவே இல்லை என்று நாலு பேர் நடுவில் ஆகவேண்டும். இல்லையென்றால் அவள் பிள்ளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கல்லறைவரைக்கும் 'அமெரிக்கப் புள்ள' என்று கிசுகிசுக்கப்படும். எட்செல் தெருவில் நடக்கும்போது பின்னால் சிரிப்பார்கள். ஆனால் வெளியே வர ஒரு வழி வேண்டும். வளைவு கட்டிய மேயர் விடமாட்டார். அவளாகக் கதவைத் திறந்து நடந்தால் மூன்று பன்றியும் எழுந்து வந்து கேள்வி கேட்கும். வாரங்கள் போயின. பாவாடை நாடா இறுகியது.

இதே சமயத்தில் சுகாதார நிலையத்தின் ஒரே நர்ஸ் ஜோவெலினுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. டாக்டரில்லாத ஊரைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்த ஒல்லிப் பெண். மறுபடி சந்தைத் திடல், மறுபடி பன்றி, மறுபடி பேனர். பெர்லிதா ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை தன் முகம் இருந்த அதே கம்பத்தில் ஜோவெலின் முகம். அதே பேச்சு.

"நம்மகிட்ட இருக்கறதுலயே சிறந்ததை நாம உலகத்துக்கு..." என்றார் மேயர், ஒரு கையில் மைக்கும் மறு கையில் பன்றித் தோலுமாக. உணர்ச்சி வேகத்தில் கை மாறிவிட்டது. மைக்குக்குப் பதில் பன்றித் தோல் வாய்க்குள் போனது, அது மொறுமொறுப்பாகத் தொண்டையில் நின்றது. மேயரின் முகம் சிவந்து, பிறகு ஊதாவாகிக்கொண்டு வந்தது.

ஊர் அதை உணர்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.

ஜோவெலின்தான் பாய்ந்து போய்ப் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தாள். அவள் இரண்டு கையும் மேயரின் வயிற்றைச் சுற்றி வந்து சந்திக்கவே இல்லை.

"டாக்டரம்மாவக் கூப்பிடுங்க!" என்று அலறினாள்.

"அவங்கதான் அமெரிக்கால இருக்காங்களே!" என்றது கூட்டம், பழக்க தோஷத்தில்.

"அமெரிக்காவோட சமையக்கட்டு ஜன்னலத் தட்டுங்கடா!" என்றாள் ஜோவெலின்.

தட்டத் தேவைப்படவில்லை. கதவு படாரென்று திறந்தது. பூப்போட்ட நைட்டியும் வெறுங்காலுமாக டாக்டர் பெர்லிதா திடலின் குறுக்கே ஓடி வந்தாள். கூட்டம் கடல் பிளந்ததுபோல வழிவிட்டது. "வயித்துக்கு எட்டாது, நெஞ்சுல!" என்று கத்திக்கொண்டே மேயரின் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, நெஞ்சில் முஷ்டி வைத்து இழுத்துக் குத்தினாள். ஒன்று, இரண்டு, அடுத்த குத்தில் பன்றித் தோல் பறந்து போய் பேனரில் ஜோவெலினின் பல்லில் ஒட்டிக்கொண்டது.

மேயர் மூச்சு விட்டார். ஊர் மூச்சு விடவில்லை. ஐந்து மாதமாக எல்லாருக்கும் தெரிந்த, யாருமே பார்க்காத ஒருத்தி நட்டநடுவில், பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்தாள்.

மேயர் சுதாரித்தார். அரசியல்வாதிக்கு மூச்சைவிடப் பேச்சு முதலில் திரும்பும். "பாருங்க மக்களே! அமெரிக்காலேருந்து நேரா பறந்து வந்து என் உசிரக் காப்பாத்துன நம்ம டாக்டரம்மா! லீவுல வந்திருக்காங்க!"

கூட்டத்துக்கு அப்பாடா என்று இருந்தது. கைதட்டல் வானத்தைப் பிளந்தது. "எத்தன நாள் லீவு டாக்டரம்மா?" "என் சாக்லேட் எங்க?" என்று குரல்கள் கிளம்பின. பங்குச் சாமியார் ஜெர்கினைப் பற்றி ஜாடையாக விசாரித்தார்.

பெர்லிதா வாயைத் திறந்தாள். தலையாட்டினால் போதும், மாலை, மரியாதை எல்லாம் வரும். ஆனால் ஓடி வந்த வேகமும் பன்றிக்கொழுப்பின் வாசமும் சேர்ந்து வேறொன்றைத்தான் வரவழைத்தன. மேடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிய ஜோவெலின் நைட்டிமேல் கை பட்டதும் மெதுவாகக் கேட்டாள்: "டாக்டரம்மா, எத்தன மாசம்?"

மெதுவாகத்தான் கேட்டாள். மேயர் கையில் மைக் திறந்திருந்தது.

எத்தன மாசம், எத்தன மாசம் என்று கோயில் சுவர்வரை போய் எதிரொலித்தது.

"நாலு," என்றாள் பெர்லிதா. இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஐஸ் குச்சிப் பெட்டியோடு நின்ற ரெமெதியோஸ் கையை இடுப்பில் வைத்தாள். "நாலா? நீ போயி அஞ்சு மாசமாச்சு! அங்கேயே இருந்திருக்க, எந்தம்பி இங்கேயே இருந்திருக்கான்!"

"என் புள்ள, மனாங்!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினான் எட்செல்.

"ஆமாண்டா, போன்ல பெத்தியா?"

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. எட்செலின் காதுமடல் சிவந்தது. பெர்லிதா கூட்டத்தைப் பார்த்தாள். இந்த முகங்கள் ஒவ்வொன்றின் நாக்கையும், தொண்டையையும், தோல்படையையும் அவள் ஜன்னல் இடுக்கில் பார்த்திருக்கிறாள். இப்போது எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கயும் போகல," என்றாள். "அந்த வீட்டுலதான் இருந்தேன். உங்களுக்கெல்லாம் தெரியும். என்னைப் பத்தி எது வேணும்னாலும் சொல்லிக்கங்க. இந்தாளப் பாத்து மட்டும் சிரிக்காதீங்க."

பிறகு மீன்காரப் பிலோ மெல்ல முன்னால் வந்தார். திரும்பி நின்று, ஊருக்கே முதுகைக் காட்டிச் சட்டையைத் தூக்கினார்.

"இது அமெரிக்கால கீறுனது இல்லங்க," என்றார். "சமையக்கட்டு ஜன்னல்ல கீறுனது. கருவாடு வறுத்துக்கிட்டு இருந்தாங்க."

அது போதுமாக இருந்தது. ஒரு மானத்தைக் காப்பாற்ற இன்னொரு மானத்தை விட்டுக்கொடுக்க ஊர் தயாரானது. "எம் புள்ளைக்குக் காதுல சீழ் பாத்தாங்க!" என்றாள் ஒருத்தி. "எனக்குச் சக்கரை!" "எனக்கு மூலம்!" என்று ஒருவர் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்று உட்கார்ந்தார். "வாத்தியாருக்கு நான் ஆறு மாங்கா குடுத்தேன், அதுல மூணு புளிப்பாக் கேட்டாரு. ஆம்பளைக்கு எதுக்குப் புளிப்பு மாங்கா? எனக்கு அன்னைக்கே தெரியும்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சாட்சிகள் குவிந்தன.

கடைசியில் எல்லாக் கண்ணும் மேயர்மேல் நின்றது. அவர் ஊர் எல்லையில் வளைவு இருக்கும் திசையைப் பார்த்தார். பேனரில் ஒட்டியிருந்த பன்றித் தோலைப் பார்த்தார்.

"என் கால் பெருவிரல்," என்றார் மைக்கில், கல்லறையில் பேசுகிற குரலில். "ரெண்டு தடவ."

ரெமெதியோஸின் முகம் தொங்கிப்போனது. பெர்லிதா அவளிடம் போனாள்.

"மனாங், தடுப்பூசி வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வேணும். சுகாதார நிலையத்துல இருந்தது போன வருஷமே செத்துப் போச்சு."

"என் ஐஸ் குச்சி?"

"இன்னைக்கு எல்லாரும் சாப்பிடுவாங்க."

அன்றைக்கு ஊரே ஐஸ் குச்சி சப்பியது, மேயர் கணக்கில். காலியான ஃபிரிட்ஜை ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார்கள். ஊர் காவல் புனிதரைத் தூக்குவதுபோலவே தூக்கினார்கள். யாரோ பழக்கத்தில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் ஜோவெலினுக்கென்று ஒத்திகை பார்த்த பாட்டை இதற்கே வாசித்துவிட்டார்கள். வேறு பாட்டு அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஜோவெலின் அயர்லாந்துக்குப் போனாள். சுகாதார நிலையத்தில் இப்போது டாக்டர் உண்டு, நர்ஸ் இல்லை. மாத்திரை எழுதிய கையாலேயே பெர்லிதா எழுந்து போய் ஊசி போட்டாள், படுக்கை விரிப்பின் மூலையை மடித்தாள். இரண்டு படிப்பில் ஒன்றும் வீண் போகவில்லை. சம்பளம் மட்டும் ஒன்றுக்குத்தான்.

சிமெண்ட் வளைவை இடிக்க மேயருக்கு மனம் வரவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயர் எழுதச் சொன்னார். அமெரிக்கா அயர்லாந்தானது, பெர்லிதா ஜோவெலினானாள். பெயரை எழுதி முடித்த பெயிண்டர், அடுத்த தடவைக்கு வசதியாக அந்த இடத்தை மட்டும் கரும்பலகை மாதிரி விட்டுவிடலாமே என்று கேட்டானாம்.

அன்று சாயங்காலம் எட்செல் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கருவாடு வறுத்தான். பாதி கருகியது. பெர்லிதா குமட்டலையும் பொருட்படுத்தாமல் பக்கத்தில் நின்று சிரித்தாள், சத்தமாக.

"இன்தாய்," என்றான் வாணலியைப் பார்த்துக்கொண்டே. "அமெரிக்கா தொறந்துட்டா?"

சுகாதார நிலையத்தில் இந்த மாதமும் மருந்து வரவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"போவேன்," என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். உன்னையும் இதையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

"தெரியும்."

"ஆனா விருந்து கெடையாது. விமானம் மேல ஏறினப்புறம் இங்க யாராச்சும் பன்னி சுட்டுக்கட்டும்."

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். கதவு திறந்திருந்தாலும் ஊருக்கு ஜன்னல்தான் பழகிவிட்டது.

"டாக்டரம்மா," என்றது ஒரு குரல், "இங்கதானே இருக்கீங்க?"